பழைய 32-பிட் எடைமேடை புரோகிராம் டெபியன் 12-இல் சீட்டு அடிக்கும்போது விழுகிறது, உதவுங்கள்

முதுநகர் எடைமேடை:
வணக்கம். கடலூர் முதுநகர் பக்கம் ஒரு லாரி எடைமேடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். எங்கள் புரோகிராம் 32-பிட் லினக்ஸ் பைனரி (நேராக ஓடுகிற மெஷின் கோடு ஃபைல்). எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார், சோர்ஸ் (மூல நிரல்) கிடையாது. டெபியன் லினக்ஸ் 10 (32-பிட்; அதன் மையப் பகுதியான கெர்னல் 4.19) இருந்த பழைய மெஷினில் நன்றாக ஓடியது. அதன் போர்டு போய்விட்டதால் புது மெஷினில் 64-பிட் டெபியன் 12 போட்டேன். கெர்னல் 6.1.

புரோகிராம் திறக்கிறது. சீரியல் போர்ட்டில் எடை வருகிறது. காலி வண்டி, லோடு வண்டி ரெண்டும் பதிவாகிறது. சீட்டு அடிக்க எஃப்9 தட்டினால்தான் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (மெமரியைத் தப்பாகத் தொட்டது) என்று சொல்லி நின்றுவிடுகிறது. இப்போதைக்குக் கையால் சீட்டு எழுதுகிறோம். பண்ருட்டி முந்திரி லோடெல்லாம் வரிசையில் நிற்கிறது.

கெடிலக்கரை:
ஐ386 (32-பிட்) ஆர்க்கிடெக்சர் சேர்த்து 32-பிட் லைப்ரரி எல்லாம் போட்டீர்களா?

வில்லியனூர் வாசி:
அது இல்லையென்றால் புரோகிராம் திறக்கவே திறக்காதுங்க. ஃபைல் கண்ணெதிரே இருக்கும்போதே 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று சொல்லும். இங்கே பாதி வேலை நடக்கிறதே. விழுந்த உடனே டிமெஸ்ஜ் (கெர்னல் எழுதுகிற பதிவு) பார்த்து, கடைசி வரியை அப்படியே போடுங்கள்.

முதுநகர் எடைமேடை:
'செக்ஃபால்ட் அட் 9351408 ஐபி 09351408', கடைசியில் 'எரர் 15'. முகவரி ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. 15 மட்டும் மாறவில்லை.

தேவனாம்பட்டினம்:
பூட் வரியில் (கெர்னல் தொடங்கும்போது கொடுக்கிற ஆப்ஷன்கள்) விசிஸ்கால்=எமுலேட் சேர்த்துப் பாருங்கள். எங்கள் பழைய சென்ட்ஓஎஸ் 6 கன்டெய்னர் அப்படித்தான் பிழைத்தது.

வில்லியனூர் வாசி:
உங்களுக்கு அது சரிதாங்க. ஆனால் விசிஸ்கால் என்பது கெர்னல் வைத்திருக்கிற ஒரு மெமரிப் பக்கம் (பேஜ்), பழைய 64-பிட் புரோகிராம்களின் சமாச்சாரம். 32-பிட் பைனரி அதைத் தொடவே தொடாது.

டிமெஸ்ஜில் வந்த அந்த 15 ஹெக்ஸ் (16-அடிமான) எண். பிரித்தால் 10, 4, 1. 10 என்றால் இன்ஸ்ட்ரக்ஷன் எடுக்கப் போனபோது நடந்தது. 4 என்றால் யூசர் புரோகிராம். 1 என்றால் அந்த மெமரிப் பக்கம் (பேஜ்) இருக்கிறது, அனுமதிதான் இல்லை. 'அட்' (தொட்ட முகவரி), 'ஐபி' (ஓடப் போன முகவரி) இரண்டும் ஒரே முகவரியாக இருப்பதும் இதோடு பொருந்துகிறது. ஓடக் கூடாத இடத்துக்குள் புரோகிராம் குதித்திருக்கிறது. பாயின்டர் (முகவரியை வைத்திருக்கிற மாறி) கெட்டுக் குதித்ததா, வேண்டுமென்றே குதித்ததா என்று தெரிய வேண்டும். ஜிடிபியில் (பிழை தேடுகிற கருவி) ஓட்டி, விழுந்த இடத்து பைட்டுகளைப் பாருங்கள். பைனரியின் விவரங்களைக் காட்டுகிற ரீட்எல்ஃப்பில், ஸ்டாக் மெமரிக்கு என்ன அனுமதி என்று சொல்கிற 'ஜிஎன்யூ ஸ்டாக்' வரியையும் போடுங்கள்.

முதுநகர் எடைமேடை:
பைட்டுகள் 55 89 ஈ5 என்று ஆரம்பிக்கின்றன. ஜிஎன்யூ ஸ்டாக் 'ஆர்டபிள்யூஇ' (படிக்க, எழுத, ஓட்ட). மெமரிப் பகுதிகளைப் பட்டியலிடுகிற மேப்ஸ் ஃபைலில் ஹீப் (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்குகிற மெமரி) வரி 'ஆர்டபிள்யூ-பி', அதில் எக்ஸ் (ஓட்டும் அனுமதி) இல்லை. விழுந்த முகவரி அந்த ஹீப்புக்குள்தான் இருக்கிறது.

வில்லியனூர் வாசி:
அப்படியென்றால் பாயின்டர் கெடவில்லை. 55 89 ஈ5 ஒரு ஃபங்ஷனின் தொடக்கம். சீட்டு வடிவத்துக்கான மெஷின் கோடை இந்தப் புரோகிராமே ஹீப்பில் எழுதி ஓட்டுகிறது என்று நினைக்கிறேன். அதற்கு முறைப்படி எம்ப்ரொடெக்ட் என்ற கெர்னல் அழைப்பைக் கூப்பிட்டு அனுமதி வாங்க வேண்டும். அந்தக் காலத்தில் பலர் வாங்கவில்லை, வாங்காமலே ஓடியது. ஜிஎன்யூ ஸ்டாக்கில் 'இ' இருந்தால், படிக்க முடிகிற மெமரியை எல்லாம் ஓட்டவும் பழைய கெர்னல் விட்டது. 2020-இல் வந்த கெர்னல் 5.8-லிருந்து அந்த 'இ'-க்கு ஸ்டாக்குக்கு மட்டும்தான் அனுமதி. ஹீப்புக்குக் கிடையாது. மாற்றம் நியாயமானதுதான், உங்கள் பைனரி நடுவில் மாட்டிக்கொண்டது.

பைனரியை, முன்னால் 'செட்ஆர்க் ஐ386 -எக்ஸ்' என்ற கட்டளையைப் போட்டு ஓட்டுங்கள். எக்ஸ் பெரிய எழுத்து. பழைய நடத்தை அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் திரும்பும்.

முதுநகர் எடைமேடை:
போட்டேன் சார், அப்படியேதான் விழுகிறது. டெஸ்க்டாப் ஐகான் கூப்பிடுகிற ஷெல் ஸ்கிரிப்டுக்கு முன்னால் போட்டிருக்கிறேன்.

வில்லியனூர் வாசி:
அங்கேதான் இடிக்கிறது. ஷெல் 64-பிட். 64-பிட் புரோகிராம் ஒன்று தொடங்கும்போதே -எக்ஸ் வைத்த கொடியை (பழைய நடத்தை வேண்டும் என்ற குறி) கெர்னல் அழித்துவிடும். ஸ்கிரிப்டைத் திறந்து, உள்ளே பைனரியைக் கூப்பிடுகிற வரியிலேயே போடுங்கள்.

முதுநகர் எடைமேடை:
வந்துவிட்டது சார்! சீட்டு அச்சாகிறது. ஹீப் வரியிலும் எக்ஸ் ஏறியிருக்கிறது. ரொம்ப நன்றி. பழைய கெர்னலுக்கே திரும்பிப் போக வேண்டும் என்று இங்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வில்லியனூர் வாசி:
கெர்னலை இறக்காதீர்கள், செக்யூரிட்டி அப்டேட்டெல்லாம் போய்விடும். இன்னொன்று: -எக்ஸ் போட்டு ஓடுகிற புரோகிராமில் டேட்டாவும் கோடாக ஓட முடியும், பாதுகாப்பு குறைவு. அந்த மெஷினில் இன்டர்நெட் வேண்டாம். சீட்டு டேட்டாவை தினமும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.