அட்லாண்டிக் கடந்து வரும் பேத்தியைத் துறைமுகத்தில் எப்படி வரவேற்பது?

தேவகோட்டை ஆச்சி:
என் மகள் வயிற்றுப் பேத்தி லண்டனில் வேலை பார்க்கிறாள். இப்போது ஒரு பாய்மரப் படகுப் பந்தயத்தில் அமெரிக்கக் கரையிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்துக்கு வந்துகொண்டிருக்கிறாள். நானும் போகிறேன். எங்கள் ஐயா பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கிய காலத்தில் இன்ன தேதி என்று முன்பே தெரிந்துவிடுமாம். இந்தப் படகு வரும் நேரமோ தினம் மாறுகிறது, நேற்று சனிக்கிழமை என்றார்கள், இன்று திங்கள் என்கிறார்கள். எத்தனை நாள் கையிருப்பு வைத்து டிக்கெட் போடுவது? இறங்கியதும் ஆரத்தி எடுக்கலாமா? கைமுறுக்கு, சீப்புச் சீடை கொண்டுபோகலாமா?

கானாடுகாத்தான் மாலுமி:
ஆச்சி, ஒரு வாரமாவது கையில் வையுங்கள். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து காற்று நின்றுபோவது சகஜம். 2023 ஏப்ரலில், தனியாளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் முதலாவதாக வந்த கிர்ஸ்டன் நாய்ஷேஃபர், உலகத்தையே சுற்றிவிட்டு, பிரான்ஸ் கரை எட்டும் தூரத்தில் காற்றில்லாமல் தவித்துத்தான் முடித்தார். அவருக்கு இரண்டு நாள் கழித்து நம் நாட்டு அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்தார்.

அப்புறம், படகைக் கரையில் கட்டியவுடனே பேத்தியைக் கட்டிப்பிடிக்க ஓடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் படகு மஞ்சள் கொடி ஏற்றியிருக்கும். சுங்கம், குடிநுழைவுச் சோதனை முடியும் வரை யாரும் இறங்கக்கூடாது, யாரும் ஏறவும் கூடாது. ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, தனியாக எங்கும் நிற்காமல் உலகத்தைச் சுற்றி 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே திரும்பியபோதும் சுங்க அதிகாரிகள்தான் முதலில் ஏறி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். ஃபால்மத்திலிருந்து என்றார் அவர்! அந்தப் படகு சுஹைலி பம்பாயில் தேக்கில் கட்டியது, நம் வீட்டுத் தேக்குத் தூண்களுக்கு உறவுக்காரன் என்று எனக்கு எப்போதும் ஒரு பெருமை.

பள்ளத்தூர் மருமகள்:
நான் ஒரு நீண்ட பந்தயத்தில் போய் வந்தவள், அதனால் சொல்கிறேன். இறங்கியதும் அவளுக்குத் தரை ஆடுவதுபோல் இருக்கும், நடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு மணிநேரம் காவல், நான்கு மணிநேரம் தூக்கம் என்று பழகிய உடம்பு முதல் இரண்டு மூன்று இரவு தானாக விழித்துக்கொள்ளும், தூக்கம் வரவில்லையா என்று கேட்டுக் கவலைப்பட வேண்டாம். உப்பில் கை வெடித்திருக்கும், அழுத்திப் பிடிக்காதீர்கள்.

முறுக்கு, சீடை தாராளமாக. ஆனால் இந்தியாவிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ அங்கே கொண்டுபோக அனுமதியில்லை. படகில் தண்ணீர் ஊற்றிக் கிளறும் பொட்டலச் சாப்பாடுதான், அதனால் அவளுக்கு ஆசை சூடாக வெந்ததன் மேலும் பழத்தின் மேலும் இருக்கும். மகள் வீட்டிலேயே வெள்ளைப் பணியாரம் ஊற்றிக் கொடுங்கள், முதல் நாள் கொஞ்சமாக. ஆரத்தி நல்ல யோசனை, ஆனால் கடற்காற்றில் கற்பூரம் நிற்காது, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர் போதும். மிதக்கும் நடைமேடை அசையும், கரைக்கு வந்தபின் எடுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
இரண்டு பேருக்கும் நன்றி. பத்து நாளுக்குப் போட்டுவிட்டேன். பணியாரத்துக்குப் பச்சரிசியும் உளுந்தும் மகளை அங்கேயே வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.