வெள்ளிக் கோள் கொதிப்பது அழுத்தத்தாலா, கரியமில வாயுவாலா?

விண்ணோடி:
நண்பர் துணுக்குத்தேனி நம் இணைய மன்றத்தில் ‘விண்வெளி வியப்புகள்’ என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். அதில் ஒரு வரி: “சூரியனுக்கு மிக அருகில் இருப்பது புதன். ஆனால் அதிக வெப்பம் வெள்ளியில்தான். காரணம் கரியமில வாயு. பூமிக்கும் இதே கதி காத்திருக்கிறது!” வழக்கம்போல ஆளாளுக்கு ‘அருமை’ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவருக்காவது எதிர்க்கேள்வி கேட்கத் தோன்றியதா?

வெள்ளியின் தரையில் காற்றழுத்தம் பூமியில் இருப்பதைப் போல 92 மடங்கு. நம் கடலுக்குள் 900 மீட்டர் இறங்கினால் என்ன அழுத்தமோ, அது. அப்படி நசுக்கினால் எந்த வாயுவும் சூடாகத்தான் செய்யும். சைக்கிள் பம்ப் அடித்தவர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கரியமில வாயுதான் காரணம் என்று அடம்பிடிப்பவர்கள் செவ்வாயைப் பாருங்கள். அங்கேயும் காற்றில் 95 சதவீதம் அதே வாயு. சராசரி வெப்பநிலை மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே. வெள்ளியில் 96 சதவீதம், 464 டிகிரி. ஒரு சதவீத வித்தியாசத்துக்கு 500 டிகிரியா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

துணுக்குத்தேனி:
ஐயா, துணுக்கு என்றால் நாலு வரிதான். அதில் முனைவர் பட்ட ஆய்வா எழுத முடியும்? எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் நான் எழுதியதுதான் இருக்கிறது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக வெள்ளி குளிர்ந்துவிடாது.

விண்ணோடி:
வெள்ளி குளிர்கிறது என்று நான் எங்கே சொன்னேன்? செவ்வாய்க்குப் பதில் வரவில்லை.

பேரண்டன்:
பம்ப் அடிக்கும்போது சூடாகும், சரி. அடித்து முடித்து ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். டயருக்குள் அழுத்தம் அப்படியே இருக்கும், சூடு போயிருக்கும். அழுத்துகிற வேலை நடக்கும்போதுதான் வெப்பம் உண்டாகும். அழுத்தம் சும்மா இருந்துகொண்டே வெப்பத்தைத் தயாரிக்காது. வெள்ளியின் காற்றை இன்றைக்கும் யாராவது பம்ப் அடித்துக்கொண்டா இருக்கிறார்கள்? முக்குளிப்பவர்கள் முதுகில் சுமக்கும் உருளையில் 200 மடங்கு அழுத்தம். முதுகு வெந்து யாரும் கரையேறியதாகத் தெரியவில்லை. கடலிலேயே ஆழமான மரியானா அகழியின் அடியில் 1000 மடங்குக்கு மேல். தண்ணீர் ஐஸ் மாதிரி சில்லென்று கிடக்கிறது.

விண்ணோடி:
அடேங்கப்பா! வாயுவைப் பற்றிப் பேசினால் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுகிறார். பேரண்டன் அவர்களே, கேள்வி செவ்வாய். வசதியாகத் தாண்டிப் போகிறீர்கள்.

பேரண்டன்:
உருளைக்குள் இருப்பது வாயுதான். அதை நீங்கள் வசதியாகத் தாண்டிவிட்டீர்கள். சரி, வாயுவே வேண்டுமா? சனியின் நிலவு டைட்டன். தரையில் அழுத்தம் பூமியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வெப்பநிலை மைனஸ் 179. அழுத்தம்தான் காரணம் என்றால் அது நம்மைவிடச் சூடாக அல்லவா இருக்க வேண்டும்?

விண்ணோடி:
டைட்டன் சூரியனிலிருந்து பூமியைப் போல 9 மடங்குக்கும் மேல் தள்ளி இருக்கிறது. குளிராமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்ததை எனக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

பேரண்டன்:
அப்படியா! செவ்வாயும் தள்ளித்தான் இருக்கிறது. நமக்குக் கிடைக்கும் சூரிய ஒளியில் 43 சதவீதம்தான் அதற்கு. டைட்டனுக்கு மட்டும் தூரம் கணக்கு, செவ்வாய்க்குக் கிடையாதோ?

வெப்பமானி:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ‘காரணம்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதா, வந்த வெப்பம் ஏன் வெளியேறவில்லை என்பதா, தரைக்கும் மேல்காற்றுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதா? மூன்றுக்கும் மூன்று விடை. இதைப் பிரித்துக்கொள்ளாமல் விடிய விடிய அடித்துக்கொண்டாலும் முடியாது.

விண்ணோடி:
தத்துவ வகுப்புக்குத் தனித்திரி இருக்கிறது, வெப்பமானி சார். இங்கே நேரடிக் கேள்வி, நேரடிப் பதில். செவ்வாய். 95 சதவீதம். மைனஸ் 60. யாருக்காவது திராணி இருக்கிறதா?

வெப்பமானி:
சரி, நேரடியாகவே சொல்கிறேன். சதவீதத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, மொத்த அளவு வேண்டும். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் 1 சதவீதம்கூட இல்லை. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாததில் 95 சதவீதம். அந்தச் சல்லடைக் காற்றுக்கும் வெள்ளியின் காற்றுக்கும் சதவீதத்தில் ஒப்பீடு போடுவது கணக்கே இல்லை.

விண்ணோடி:
ஆஹா, இதற்காகத்தான் காத்திருந்தேன். மொத்த அளவுதானே வேண்டும்? ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே எவ்வளவு கரியமில வாயு நிற்கிறது என்று கணக்குப் போடுங்கள். பூமியில் சுமார் 6 கிலோ. செவ்வாயில் 150 கிலோவுக்கு மேல். ஒன்றுமே இல்லாத காற்று என்றீர்களே, அதில் நம்மைவிட 20 மடங்குக்கு மேல் இருக்கிறது. ஆனால் அங்கே பசுமைக்குடில் விளைவு, அதாவது வாயு வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் ஏறும் சூடு, சில டிகிரிதான். இப்போது என்ன சொல்கிறீர்கள்? கணக்குப் போடச் சொன்னது நீங்கள்தான்.

(மட்டுறுத்துநர்கள் இந்தப் பதிவை மேலே ஒட்டிவைக்கலாம்.)

துணுக்குத்தேனி:
தன் பதிவைத் தானே ஒட்டிவைக்கச் சொல்லும் ஒரே ஆள் இவர்தான்.

வெப்பமானி:
கணக்கு சரி. அதிலிருந்து நீங்கள் குதிக்கிற இடம் தவறு. கரியமில வாயு தரையிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிரான அகச்சிவப்பு முழுவதையும் விழுங்குவதில்லை, சில அலைநீளங்களை மட்டும் விழுங்கும். அழுத்தம் குறைவாக இருந்தால் விழுங்கப்படும் அந்த அலைநீளங்களின் பட்டைகள், அதாவது உறிஞ்சுகோடுகள், ஊசிபோல ஒல்லியாக இருக்கும், இடைவெளி வழியே வெப்பம் நழுவிவிடும். அழுத்தம் கூடினால் மூலக்கூறுகள் மோதிக்கொள்ளும், கோடுகள் அகலும், இடைவெளி அடைபடும். செவ்வாயில் மெல்லிய காற்று, போதாக்குறைக்கு நீராவியும் இல்லை. வெள்ளியில் 92 மடங்கு அழுத்தம், அகச்சிவப்புக்குத் தப்பிக்க வழியே அரிது. ஆக அழுத்தத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் கரியமில வாயுவின் வழியாக.

விண்ணோடி:
“அழுத்தத்துக்குப் பங்கு உண்டு.” நன்றி. திரியை மூடிவிடலாம்.

பேரண்டன்:
அரை வாக்கியத்தைக் கத்தரித்து மாலையாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. இவர்தானே அன்றைக்குச் ‘சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும்’ என்று நாள்கணக்கில் வாதாடியவர்! 2003இல் சீன விண்வெளி வீரர் யாங் லிவெய் பூமியைச் சுற்றிவிட்டு வந்து, பக்கத்திலிருந்தே சுவர் தெரியவில்லை என்று சொன்னார். அதற்குப் பிறகும் இவர் ‘அன்றைக்கு மேகமாக இருந்திருக்கும்’ என்றார்.

விண்ணோடி:
மேகம் இருந்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். இருந்தது என்று சொல்லவில்லை. தேடி எடுத்துப் பாருங்கள். அதுவும் இதுவும் ஒன்றா? வாதத்தில் சரக்கு தீர்ந்தால் பழைய குப்பையைக் கிளறுவது சிலருக்கு வழக்கம்.

அரைகுறை:
எனக்கு இயற்பியல் அவ்வளவாகத் தெரியாது. வெள்ளியில் ஒரு நாள் என்பது ஒரு வருடத்தைவிட நீளமாமே, அப்படியென்றால் அந்த நீண்ட பகலில் வெயில் காய்ந்து காய்ந்து இவ்வளவு சூடாகிவிட்டது என்று சொல்லலாமா?

பேரண்டன்:
நல்ல கேள்வி. பகல் நீளம் என்றால் இரவும் நீளம். வெள்ளியின் இரவு நம் கணக்கில் சுமார் 58 நாள். அத்தனை நாள் இருட்டில் கிடந்தும் தரை வெப்பம் குறைவதாகவே தெரியவில்லை. புதனில் பகலில் 430 டிகிரி, இரவில் மைனஸ் 180. அங்கே வெப்பத்தைப் பிடித்து வைக்கக் காற்று இல்லை.

துணுக்குத்தேனி:
58 நாளா? வெள்ளி ஒருமுறை தன்னைத்தானே சுற்ற 243 நாள். பாதி போட்டால் 121 அல்லவா வரும்? எனக்குப் பிழை கண்டுபிடிக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

பேரண்டன்:
243 என்பது நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால். சூரியன் உதித்து மறுபடி உதிக்க 117 நாள். வெள்ளி எதிர்த்திசையில் சுழல்வதால் வரும் வித்தியாசம் அது. வருடம் 225 நாள்.

துணுக்குத்தேனி:
அப்படியென்றால் நாள் வருடத்தைவிடச் சின்னது என்கிறீர்கள். உலகமே பெரியது என்கிறது. 243தான் நாள்.

பேரண்டன்:
எந்த நாள் என்று கேளுங்கள் முதலில்.

துணுக்குத்தேனி:
நாள் என்றால் நாள்தான்!

விண்ணோடி:
திரியைத் திசைதிருப்ப வேண்டாம். என் அடுத்த கேள்வி. வெள்ளியில் சுமார் 50 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் நம் தரையில் இருப்பதற்குச் சமம். அங்கே வெப்பநிலை 75 டிகிரி அளவில்தான். அங்கேயும் கரியமில வாயு 96 சதவீதம். 464 எங்கே போயிற்று? அழுத்தம் இறங்கியது, வெப்பம் இறங்கியது. இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது? 1985இல் வேகா விண்கலங்கள் விட்ட பலூன்கள் அதைவிடக் கொஞ்சம் மேலே ஏறத்தாழ 2 நாள் மிதந்தன, வேகவில்லை. தரையில் இறங்கிய வெனேரா 13, 1982இல் 127 நிமிடம் தாக்குப்பிடித்ததே சாதனை. ஒரே கோள், ஒரே வாயு, வேறு அழுத்தம்.

வெப்பமானி:
75 டிகிரி குறைவு என்று யார் சொன்னது? வெள்ளியின் மேகங்கள் வந்து விழும் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அது விழுங்கும் சூரிய ஆற்றல் பூமி விழுங்குவதைவிடக் குறைவு. சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தும்! அந்த ஆற்றலுக்கு அது மைனஸ் 40, 45 டிகிரியில்தான் இருக்க வேண்டும். விண்வெளியிலிருந்து பார்த்தால் அது வெளியிடும் வெப்பமும் அந்த அளவுக்குத்தான். மைனஸ் 45 எங்கே, நீங்கள் காட்டும் 75 எங்கே? அந்த 120 டிகிரியை எந்த அழுத்தம் கொடுத்தது? பூமியின் அழுத்தம்தானே அங்கே? பூமியில் இதே வித்தியாசம் மைனஸ் 18க்கும் 15க்கும், 33 டிகிரிதான்.

மேலே போகப்போகக் குளிர்வது காற்று விரிவதால். அந்தச் சரிவுக்கு அழுத்தம் காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சரிவு எந்த உயரத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்குகிறது என்பதை முடிவு செய்வது அகச்சிவப்பு எங்கே தப்பிக்கிறது என்பது. வெள்ளியில் அது மேக உச்சியில், 60 கிலோமீட்டருக்கு மேலே. அங்கிருந்து தரை வரை படிப்படியாகச் சூடு ஏறிக்கொண்டே வருகிறது.

விண்ணோடி:
“அந்தச் சரிவுக்கு அழுத்தம் காரணம், மறுக்கவில்லை.” இரண்டாவது முறை. இதையும் குறித்துக்கொள்கிறேன்.

பேரண்டன்:
கல்லில் செதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 45க்குப் பதில்?

விண்ணோடி:
செவ்வாய்க்கு முழுப் பதில் வந்த பிறகு.

வெப்பமானி:
வந்துவிட்டது. மேலே போய்ப் படியுங்கள்.

விண்ணோடி:
கோடு ஒல்லி, கோடு குண்டு என்று ஏதோ எழுதியிருந்தீர்கள், அதுவா? அதிலும் அழுத்தம்தானே நாயகன்? மேலும், ‘பூமிக்கும் இதே கதி’ என்ற புளுகை ஏன் யாரும் தொடவில்லை? நம் காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம். அதை வைத்து 464 டிகிரி என்று பயமுறுத்துகிறார், எல்லோரும் கை தட்டுகிறீர்கள்.

வெப்பமானி:
பூமி வெள்ளியாகும் என்று நான் சொல்லவில்லை. நம் கார்பன் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறைகளில் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் 0.04 என்பதால் ஒன்றுமில்லை என்பது அபத்தம். தொழிற்புரட்சிக்கு முன் 10 லட்சத்தில் 280 பங்கு, இப்போது 420க்கு மேல். உலகம் ஏற்கெனவே 1 டிகிரிக்கு மேல் சூடேறிவிட்டது. 464 வேண்டியதில்லை, நம்மைப் படுத்த 2 டிகிரி போதும்.

துணுக்குத்தேனி:
‘கதி’ என்றுதான் எழுதினேன், 464 என்று எழுதவில்லை. இல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள். அதே பட்டியலில் வெள்ளியின் மேகத்தில் உயிர் இருப்பதையும் எழுதியிருந்தேன். அதைப் பாராட்ட ஒருவரும் இல்லை.

பேரண்டன்:
‘இருப்பதை’யா? 2020இல், உயிரின் அறிகுறியாக இருக்கலாம் என்று கருதப்படும் பாஸ்பீன் வாயு அங்கே தெரிவதாக வானியலாளர் ஜேன் கிரீவ்ஸ் குழு அறிவித்தது. பிறகு தரவைச் சரிசெய்தபோது முதலில் சொன்ன அளவு வெகுவாகக் குறைந்தது. இருக்கிறதா இல்லையா என்றே இன்னும் சண்டை. அந்த மேகமோ கந்தக அமிலம். உங்கள் பட்டியலில் அது ‘உயிர் இருப்பது உறுதி’ ஆகிவிட்டது.

துணுக்குத்தேனி:
1967இலேயே வானியலாளர் கார்ல் சேகன் மேகத்தில் உயிர் இருக்கலாம் என்று எழுதினாரே, அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?

பேரண்டன்:
‘இருக்கலாம்’ என்றுதான் எழுதினார்.

விண்ணோடி:
சேகனை எல்லாம் இழுக்க வேண்டாம். ‘இருக்கலாம்’, ‘பங்கு உண்டு’, ‘மறுக்கவில்லை’. இந்தத் திரியில் நிமிர்ந்து நின்று ஒன்றைச் சொன்னவன் நான் மட்டும்தான்.

வெப்பமானி:
தப்பை நிமிர்ந்து நின்று சொன்னாலும் தப்புதான், நண்பரே.

அரைகுறை:
இன்னொரு சந்தேகம். வெள்ளி எதிர்த்திசையில் சுழல்கிறது என்றீர்களே, அங்கே சூரியன் மேற்கில் உதிக்குமா?

துணுக்குத்தேனி:
ஆமாம். அதுவும் என் பட்டியலில் 7வது துணுக்கு.

விண்ணோடி:
தவறு. வெள்ளி 177 டிகிரி கவிழ்ந்து கிடக்கிறது. கவிழ்ந்த கோளின் வடக்கைத் தெற்கு என்று எடுத்தால் சூரியன் கிழக்கில்தான் உதிக்கும். 7வது துணுக்குக்குத் தனித்திரி தொடங்குகிறேன்.

பேரண்டன்:
தொடங்குங்கள். மைனஸ் 45ஐ அங்கேயும் கொண்டுவருகிறேன்.