பேனல் கார்டை டாக்டர் நிறுத்திவிட்டார், அப்பா எங்கே போவது?

சிப்புட் மகள்:
அப்பாவுக்கு மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டைக் காட்டி இத்தனை வருடமும் டவுனில் ஒரே கிளினிக்குக்குத்தான் போனோம், அப்பாவின் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) கணக்கெல்லாம் அந்த டாக்டருக்கு மனப்பாடம். போன வாரம் காய்ச்சலோடு கூட்டிப் போனால், இந்தக் கார்டு இனி எடுப்பதில்லை என்று கவுண்டரில் தாள் ஒட்டியிருக்கிறது. கையிலிருந்து 70 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். இந்தக் கார்டை எடுக்கும் அடுத்த பேனல் கிளினிக் ஈப்போவில், எங்களிடம் கார் கிடையாது. டாக்டர் நினைத்தால் இப்படி நிறுத்திவிடலாமா? இவர் கொடுத்த எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கம்பெனியில் செல்லுமா?

முன்னாள் கவுண்டர் ஊழியர்:
நிறுத்தலாம் தங்கச்சி. எந்தக் கார்டை எடுப்பது என்பது கிளினிக்குக்கும் கார்டை நடத்துகிறவர்களுக்கும் உள்ள ஒப்பந்தம். நான் வேறு ஊரில் ஒன்பது வருடம் கவுண்டரில் இருந்தேன், பில் அனுப்புவதும் அந்தப் பணத்துக்காக மாதக்கணக்கில் போன் அடிப்பதும்தான் பாதி வேலை. ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைப்பார்கள், அதற்குமேல் மருந்து கொடுத்தால் டாக்டரின் கைக்காசு, வருகிற பணத்திலும் நிர்வாகக் கட்டணம் என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஜிபி (பொது மருத்துவர்) ஆலோசனைக் கட்டணத்தை 2006 தனியார் கிளினிக் விதிமுறையில் 10 முதல் 35 வெள்ளி என்று போட்டார்கள், அப்புறம் பல வருடம் அது அசையவே இல்லை. கடை வாடகையும் ஆள் சம்பளமும் அப்படியா நின்றன? கவுண்டரில் நிற்கிற பிள்ளையைத் திட்டாதே, கம்பெனியைக் கேள்.

தோட்டத்துக் கிராணி:
எம்சி செல்லும் தங்கச்சி. 1955 வேலைச் சட்டம், 60எஃப் பிரிவு. கம்பெனி நியமித்த டாக்டர்தான் முதலில், ஆனால் நியாயமான நேரத்திலோ தூரத்திலோ அவர் கிடைக்காவிட்டால் பதிவுபெற்ற வேறு டாக்டர் கொடுத்தாலும் சரி, அரசாங்க மெடிக்கல் ஆபீசர் கொடுத்தாலும் சரி. லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவித்திருக்க வேண்டும், இதில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பரிசோதனைச் செலவு முதலாளியுடையது என்றும் அதே பிரிவு சொல்கிறது, அதனால் 70 வெள்ளி ரசீதைத் தொலைத்துவிடாதே. எது எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்ட பில்லும் கேட்டு வாங்கு.

பழைய லயத்துக்காரன்:
டாக்டருக்குக் கட்டுப்படியாகவில்லை, சரி. ஒரு மாதம் முன்னாலேயே அந்தத் தாளை ஒட்டியிருக்கலாமே? வயதானவர் காய்ச்சலோடு வந்து நிற்கும்போதா தெரிய வேண்டும்! இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இனிப்புநீருக்கு மட்டும் அப்பாவை அரசாங்க கிளினிக்கில் பதிந்துவிடம்மா, 1 வெள்ளிதான், காத்திருக்கத்தான் வேண்டும். கார்டு மாறினாலும் மாத்திரை நிற்காது.

சிப்புட் மகள்:
நன்றி அக்கா, அண்ணே, ஐயா. அன்றைக்குக் காலையிலேயே அப்பா சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார், 48 மணி நேரம் பிரச்சினை இல்லை. எங்கள் வரிசையிலேயே இதே கார்டு வைத்திருப்பவர்கள் நாலு வீடு. அவர்களிடமும் கையெழுத்து வாங்கி, டவுனில் ஒரு கிளினிக்காவது பேனலில் வேண்டும் என்று திங்கட்கிழமை ஆபீசில் கடிதம் கொடுக்கிறோம்.