மீனின் செவிக்கல்லை அளந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். காது எலும்பு என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம், ஆனால் அது எலும்பே இல்லை. கால்சியம் கார்பனேட் கல். மீனின் மண்டைக்குள் மூன்று சோடி இருக்கும். பெரும்பாலான கடல்மீன்களில் பெரிதாக இருக்கும் சோடியைத்தான் வடிவ ஆய்வுக்கு எடுப்போம்.

முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்தது காணாங்கெளுத்தி. தூத்துக்குடியில் இறங்கும் மீனும் நாகப்பட்டினத்தில் இறங்கும் மீனும் ஒரே கூட்டமா (தங்களுக்குள் கலந்து பெருகும் ஒரே தொகுதியா), வேறு வேறா? அதுதான் கேள்வி. அளவுப்பலகையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து மீன்கார ஆச்சி, "ஏய்யா, கொழம்புக்கு வாங்குறியா, சட்ட தைக்க வாங்குறியா?" என்று கேட்டார்.

காணாங்கெளுத்தியின் கல் சீரகத்தைவிடக் குட்டை, கண்ணாடிச் சில்லு மாதிரி மெல்லிசு. முன்பக்கம் மூக்குப் போல நீண்டிருக்கும். இடுக்கி கொஞ்சம் அழுந்தினாலும் அந்த மூக்கு ஒடிந்துவிடும். முதல் பத்து மீனில் ஏழு போயிற்று. மூக்கு ஒடிந்த கல்லின் விளிம்பை அளந்து பயனில்லை.

தப்பித்த கற்களைக் கறுப்புத் தளத்தில் வைத்துப் படமெடுத்து, விளிம்புக்கோட்டை நீள்வட்ட ஃபூரியே முறையில் எண்களாக்கினேன். குல், ஜியார்டினா இருவரும் 1982இல் வெளியிட்ட முறை. ராட்டினத்தின் மேல் குட்டி ராட்டினம், அதன் மேல் இன்னும் குட்டி என்று நீள்வட்டங்களை அடுக்கிக்கொண்டே போனால் விளிம்பின் நெளிவுகள் ஒவ்வொன்றாகப் பிடிபடும். ஒரு நீள்வட்டத்துக்கு நான்கு எண்கள். பன்னிரண்டு அடுக்குக்கு 48. அளவையும் திசையையும் சரிசெய்யும்போது முதல் அடுக்கின் மூன்று எண்கள் எல்லாக் கல்லுக்கும் ஒன்றாகிவிடும், மிச்சம் 45.

அந்த எண்களை வைத்துப் போட்ட வரைபடத்தில் இரண்டு ஊர் மீன்களும் தண்ணீரும் எண்ணெயுமாய்ப் பிரிந்து நின்றன. அன்று ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாள் ஆசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ரெண்டு ஊர்லயும் மீன் என்ன நீளம்?"

ஒரு ஊர் மீன் செவுள்வலையில் வந்த பெரிசு, இன்னொரு ஊர் மீன் இழுவைமடியில் வந்த சிறிசு. அளவைத்தான் கழித்துவிட்டோமே என்று நினைத்திருந்தேன். கழிந்தது கல்லின் பருமன் மட்டும். மீன் வளர வளரக் கல்லின் வடிவமும் மாறும், அது எண்களுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. மீனின் நீளத்தோடு சேர்ந்து நகரும் எண்களைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். எண்ணெயும் தண்ணீரும் மோராகிவிட்டது.

* * *

இதில் தலைகுனிய ஒன்றுமில்லை தம்பி. கம்பானா, கேசல்மன் இருவரும் 1993இல் காட் மீனின் கல்லை வைத்துக் கூட்டம் பிரித்தார்கள். வடிவம் வேறுபடுவதற்கு வளரும் வேகமே பெரிய காரணம் என்று அவர்களுக்கும் தெரிந்தது. கல் வேறாக இருந்தால் மீன் வேறு தண்ணீரில் வளர்ந்தது என்று சொல்லலாம்; வம்சமே வேறு என்று சொல்ல மரபணுவையும் பார்க்கவேண்டும்.

என் கதை இதைவிட மோசம். கொண்டுவந்த மீனையெல்லாம் ஃபார்மலினில் போட்டு வைத்தேன். சில மாதம் கழித்து எடுத்தால் கல்லின் விளிம்பு கரைந்து, சப்பிய கற்கண்டு மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. ஃபார்மலின் நாள்பட அமிலமாகும் என்பதைப் பாடத்தில் படித்தவன்தான் நான்! இப்போதெல்லாம் கல்லை எடுத்துக் கழுவி, காயவைத்து, சிறு குப்பியில் போடுவதோடு சரி.

* * *

நான் தட்டைமீன் ஆள். இடது கல்லும் வலது கல்லும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பி, எது கிடைத்ததோ அதை எடுத்தேன். தட்டைமீனில் இரண்டும் வேறு. நான் பிரித்தது கூட்டத்தை இல்லை, இடதையும் வலதையும்.

* * *

நான் ஆய்வாளர் இல்லை. கத்தாளை மீன் குழம்பில் பல்லில் கடிபட்டதை உடைந்த பல் என்று நினைத்துப் பல் மருத்துவரிடமே எடுத்துப் போனவள். அவர் மேசை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.