வருஷக்கணக்கில் நின்ற வண்டியைக் கிளப்பிய கதைகள்

பாபநாசம், புல்லட் 350

பெரியப்பாவின் புல்லட், ஆறு வோல்ட் பேட்டரி காலத்து வண்டி. அவர் போனபிறகு நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையில் சாக்கைப் போர்த்தி நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது கோழிகள்தான். பழைய இரும்புக்காரர் வந்து விலை பேசிவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டுத்தான் நான் போய் நின்றேன். "ஏன் ராசா, அது ஓடவா போகுது?" என்று கேட்டாலும் பெரியம்மா சாவியைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

இந்த மாதிரி வண்டி கைக்கு வந்ததும் நம்மவர்களில் பாதிப் பேர் பெயின்டுக்கும் குரோமுக்கும் ஓடுவார்கள். எஞ்சின் சத்தம் காதில் விழும்வரை அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது என்பது என் கட்சி. மீதிப் பேர் நிற்கிற இடத்திலேயே கிக்கரை மிதிப்பார்கள். அது இன்னும் மோசம். உள்ளே பிஸ்டன் ரிங் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டியிருந்தால், ஒரே மிதியில் உடைந்துவிடும்.

கும்பகோணத்தில் புல்லட் மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் கிக்கரைத் தொடவே இல்லை. பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். டீசலையும் எஞ்சின் ஆயிலையும் கலந்து பிளக் ஓட்டை வழியாக ஊற்றினார். "ஊறட்டும் தம்பி, போயிட்டு அடுத்த வாரம் வாங்க" என்றார். திரும்பிப் போனபோது டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைக்கச் சொன்னார். முதலில் பாறை மாதிரி நின்றது. கொஞ்சம் விட்டு, மறுபடி அசைத்து, மறுபடி விட்டு... ஒரு கட்டத்தில் 'களுக்' என்று அரை விரற்கடை நகர்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தள்ளலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிஸ்டன் விட்டுக்கொடுத்தது. போர், அதாவது சிலிண்டர் துளையின் அகலம், 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மில்லிமீட்டர். நீண்ட ஸ்ட்ரோக் என்பதால் அது முழுதாக ஒரு சுற்று வர ரொம்ப நேரம் பிடித்தது.

அடுத்து ஆயில். புல்லட்டில் ஆயில் டேங்க் தனியாகத் தொங்காது, எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸோடு சேர்ந்தே ஒரு அறையாக இருக்கும். வண்டி நெடுநாள் நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து, ஆயிலே இல்லை என்று நினைத்து மேலே ஊற்றுகிறவர்கள் நிறைய. ஸ்டார்ட் ஆனதும் தெருவே புகையில் மறையும், கண்ட இடத்தில் ஆயில் கக்கும். கீழே உள்ள டிரெயின் போல்ட்டுகளை எல்லாம் கழற்றி முழுவதையும் வடித்த பிறகுதான் புது ஆயில். எங்கள் வண்டியில் தார்க்குழம்பாக இறங்கியது.

சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஏர் ஃபில்டரில் எலி குடித்தனம். டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது. இதெல்லாம் எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்ணிய ஓட்டையான ஜெட் விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்கிறேன்: ஊசியையோ இரும்புக் கம்பியையோ விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும், அப்புறம் காற்று அடித்தால் சரி.

பிளக்கில் பொறி எழச் சரியான நேரத்தில் திறக்கும் பாயிண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து இடைவெளி வைத்தார். அதோடு விடாமல் அதற்கு அடியில் இருக்கும் வேகத்துக்கேற்பப் பொறியை முந்தவைக்கும் அட்வான்ஸ் எடைகளையும் கழுவி எண்ணெய் விட்டார். பழைய கிரீஸ் இறுகி அந்த எடைகள் விரிந்தபடியே நின்றுவிட்டால், கிக்கர் திருப்பி அடிக்கும். புல்லட்டில் கணுக்காலைப் போட்டுக்கொண்டு கட்டோடு திரிந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள்.

புது பேட்டரி போட்டதும் சாவியைத் திருப்பினார். ஹெட்லைட்டுக்கு மேல் உள்ள, மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டரில் முள் இடப்பக்கம் சாய்ந்தது. கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். முள் நடுவுக்கு வந்த இடத்தில் நிறுத்தினார். பாயிண்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் ஒரு இம்மி இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகுதான் ஒரே மிதி. ஒரு இருமல், ஒரு கொட்டாவி. மறுபடி முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து மிதித்ததும் பிடித்துக்கொண்டது. டுப், டுப் என்று நாங்கள் சின்ன வயதில் கேட்ட அதே சத்தம். நான் சிரித்துக்கொண்டு நிற்க, அவர் எஞ்சின் தலைப்பகுதிக்கு ஆயில் போகும் குழாயின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினார். ஆயில் கசிந்தது. "ம்ம், பம்ப் வேலை செய்யுது" என்று இறுக்கினார். ஆயில் வராமலிருந்திருந்தால் அப்போதே அணைத்திருப்பார்.

கதை அங்கே முடியவில்லை. சூடானதும் வண்டி நின்றுவிடும், ஆறினால் கிளம்பும். கடையில் இருந்த ஆளுக்கொரு யோசனை: கார்புரேட்டர், டேங்க் மூடியில் காற்றோட்டம், காயில். பெரியவர் எதுவும் பேசாமல் பொழுது சாயட்டும் என்று காத்திருந்தார். இருட்டியதும் பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார். சூடேற ஏற, பாயிண்டுக்கு நடுவே நீலமாக வெளிச்சம் தெறித்தது. பாயிண்டில் இப்படிப் பொறி தெறிக்காமல் காக்கும் கண்டென்சர் செத்துக்கொண்டிருக்கிறது. சின்ன உருளை, விலையும் சொற்பம். மாற்றியபின் தாராசுரம், சுவாமிமலை என்று சுற்றியும் நிற்கவில்லை.

புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சின் தயாரிப்பு 2010 வாக்கில் நிற்கும்வரை, 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலத்து வடிவம் பெரிதாக மாறவே இல்லை. அதனால்தான் இன்றைக்கும் பாகம் கிடைக்கிறது. மற்ற பழைய வண்டிக்காரர்கள் பாடு எப்படி?

*

கோயம்புத்தூர், ஜாவா 250

பாடு கொஞ்சம் பெரும்பாடுதானுங்க. மைசூரில் இந்த வண்டியைச் செய்த ஐடியல் ஜாவா கம்பெனி 1996-இல் மூடிவிட்டது. பாகத்துக்கு ஆள் பிடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் டூ ஸ்ட்ரோக் என்பதால் எஞ்சின் எளிமை. வால்வு இல்லை, டாப்பெட் இல்லை. கிக்கரும் கியர் லீவரும் ஒன்றேதான். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். புதிதாகப் பார்க்கிறவர்கள் கிக்கர் எங்கே என்று தேடுவார்கள்.

நின்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது கிராங்க்கின் இரு பக்கமும் காற்றும் ஆயிலும் புகாமல் அடைக்கும் ஆயில் சீலைத்தான். ரப்பர் காய்ந்து கல்லாகிவிடும். டைனமோ பக்கச் சீல் போனால் காற்று உள்ளே புகும். வண்டி ஆக்ஸிலேட்டர் தொடாமலே அலறும், அணைத்தாலொழிய அடங்காது. கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். வெள்ளைப் புகை நிற்கவே நிற்காது, இங்கே கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும். என் வண்டியில் இரண்டாவது ரகம். கார்புரேட்டரை எத்தனை தரம் கழுவினாலும் இதற்குத் தீர்வு கிடையாது. எஞ்சினைப் பிரித்து இரண்டு சீலையும் மாற்றிவிட்டேன். இப்போது லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து ஓடுகிறது. காலையில் குளிர் நேரத்தில்கூட இரண்டாவது உதைக்கு மேல் கேட்பதில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு பழைய டியூப், வாஷர் எல்லாம் சீக்கிரம் ஊதிப்போகின்றன. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தையாவது வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

*

மதுரை, வண்டி இல்லை, ஆர்.சி. அனுபவம் மட்டும்

பாபநாசம் நண்பருக்கு: தாராசுரம் போனது சரி, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? பெரியப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றுங்கள். தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான். பிறகு படிவம் 25-இல் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. எங்கள் அப்பாவின் ராஜ்தூத் பைக்கை இப்படிக் காலாவதியான ஆர்.சி.யோடு ஓட்டித்தான் வழியில் மாட்டினோம்.

முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021 விதிப்படி வி.ஏ. என்ற தனி எண் வாங்கலாம். பார்க்கக் கௌரவமாக இருக்கும், ஆனால் வாங்கினால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் ஓட்டலாம். சுவாமிமலைக்கு அடிக்கடி போகிற உத்தேசம் இருந்தால் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.