எஃப்.ஜி.டி. போட்டால் வேலை போகுமா? 500 மெகாவாட் நிலக்கரி யூனிட் ஒன்றின் கணக்கு

கேள்வி: கன்வேயர்பெல்ட்

நிலக்கரி மின்நிலையங்களுக்குப் புகை விதிகளைக் கடுமையாக்கும் போதெல்லாம் இரண்டு பேச்சு கிளம்புகிறது. "விதி வந்தால் யூனிட்டை மூடிவிடுவார்கள், ஆட்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள்" என்பது ஒன்று. "கருவி வந்தால் புது வேலையும் வரும்" என்பது இன்னொன்று. தொழிற்சங்கக் கூட்டத்தில் வைக்கிற மாதிரி எண்ணோடு பதில் வேண்டும். யூனிட் 500 மெகாவாட், நிலக்கரி கிலோவுக்கு 4,000 கிலோகலோரி, கந்தகம் 0.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஜி.டி. (புகையைச் சுண்ணாம்புக் கூழால் கழுவி, கந்தக டைஆக்ஸைடை ஜிப்சமாகப் பிடிக்கும் கருவி) போட்டால் என்னென்ன ஓடும், எத்தனை பேர் வேண்டும்? எந்த யூனிட்டுக்கு அது கட்டுப்படியாகாது? சுரங்க வேலையைக் குறைத்தது விதிதானா? மூடினால் முதல் அடி யாருக்கு?

பதில்: அப்சார்பர்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

ஒரு யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரத்துக்கு 2,400 கிலோகலோரி என்று எடுத்தால் 0.6 கிலோ கரி எரியும். முழுச் சுமையில் மணிக்கு 300 டன். அதில் கந்தகம் 1.5 டன். கொஞ்சம் சாம்பலோடு போனது போக, சுமார் 2.85 டன் கந்தக டைஆக்ஸைடு புகையில் வரும். மணிக்கு ஏறக்குறைய 20 லட்சம் கனமீட்டர் புகையில் இது கனமீட்டருக்கு 1,400 மில்லிகிராம் சொச்சம். 95 சதவீதம் பிடித்தால் 70 அளவுக்கு இறங்கும்.

அதற்கு 90 சதவீதத் தூய்மையுள்ள சுண்ணாம்புக்கல் மணிக்கு 5 டன் வேண்டும். ஈரத்தோடு சேர்த்து ஜிப்சம் சுமார் 8 டன் வெளியே வரும். நாள் கணக்கில் 120 டன் உள்ளே, 190 டன் வெளியே. 20 டன் லாரியில் 6 நடை வரவு, 10 நடை போக்கு. சொந்த மின்செலவு 1 முதல் 1.5 சதவீதம் கூடும், அதாவது 5 முதல் 7.5 மெகாவாட்.

ஆள் கணக்கு: கட்டுப்பாட்டு அறையில் ஒருவர், அப்சார்பர் (புகையைக் கழுவும் கோபுரம்) பக்கம் ஒருவர், அரைவை மில்லிலும் ஜிப்சம் வடிகட்டியிலும் இருவர். ஷிஃப்டுக்கு 4 பேர், நான்கு குழு, ஆக 16. பம்பு, ரப்பர் லைனிங், கருவிப் பராமரிப்பு, ஆய்வகம், சுமை ஏற்றி இறக்குவது எல்லாம் சேர்த்தால் 35 முதல் 40 பேர் வரை நிரந்தரமாக வேண்டியிருக்கும். கட்டுமானத்தின்போது பல நூறு பேர் இருப்பார்கள். ஆனால் அது இரண்டு மூன்று ஆண்டு வேலை, அதைப் போய் நிரந்தர வேலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கெடுவது எங்கே என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அப்சார்பர் கூழின் பி.எச். 5.2 முதல் 5.8க்குள் நிற்க வேண்டும். ஏற்றினால் கரையாத சுண்ணாம்பு ஜிப்சத்தோடு போகும், உள்ளே படிவு கட்டும். இறங்கினால் வாயு பிடிபடாது. சில நேரம் சுண்ணாம்பை எவ்வளவு கொட்டினாலும் பி.எச். ஏறவே ஏறாது. பார்த்தால் ஜிப்சத்தில் கார்பனேட் கூடிக்கொண்டே போயிருக்கும். பெரும்பாலும் ஈ.எஸ்.பி. (புகையிலுள்ள தூசியை மின்னூட்டித் தகட்டில் பிடிக்கும் கருவி) சரியில்லை என்று அர்த்தம். சாம்பலிலுள்ள அலுமினியமும் கரியிலிருந்து வரும் ஃப்ளோரைடும் சேர்ந்து சுண்ணாம்புத் துகளின் மேல் தோல் மாதிரி மூடிக்கொள்ளும், துகள் கரையாது. பழைய கூழை வெளியேற்றி, காரம் சேர்த்து மீட்கலாம். நிரந்தரத் தீர்வு தூசியை முன்னாலேயே பிடிப்பதுதான். அதனால்தான் எஃப்.ஜி.டி.க்கு முன் ஈ.எஸ்.பி.யைச் செப்பனிடச் சொல்வது.

மிஸ்ட் எலிமினேட்டரை (புகையோடு போகும் நீர்த்துளியைப் பிடிக்கும் தடுப்பு) கழுவும் தண்ணீரில் மிச்சம் பிடித்தால் இரண்டு மாதத்தில் அடைத்துக்கொள்ளும், புகை எதிர்ப்பழுத்தம் ஏறும், விசிறி திணறும். அந்த ஷட்டவுனில் போகிற மின்சாரத்தின் பக்கத்தில் தண்ணீர்ச் செலவு ஒன்றுமே இல்லை.

பதில்: ஈ.எஸ்.பி.யே போதும்

அப்சார்பர் சொன்ன கணக்கில் பிழையில்லை. ஆனால் கந்தகம் 0.5 சதவீதம்தான் என்றால் இத்தனை ஏற்பாடு எதற்கு? 275 மீட்டர் புகைபோக்கி காற்றில் கலந்துவிடுகிறது. அந்தப் பணத்தை ஈ.எஸ்.பி.க்குப் போட்டால் பக்கத்து ஊர்க்காரருக்கு உடனே பலன் தெரியும். கந்தகம் குறைந்த கரியின் சாம்பலுக்கு மின்தடை அதிகம். தகட்டில் படிந்த அடுக்கிலேயே மின்னிறக்கம் நடந்து, பிடித்த தூசி மறுபடி பறக்கும். இடைவிட்டு மின்னூட்டம் தருவது, புகையில் அம்மோனியா சேர்ப்பது, கூடுதல் ஃபீல்டு (மின்தகட்டுப் பிரிவு) போடுவது, தட்டும் சுத்தியலின் நேரத்தைத் திருத்துவது, இவையெல்லாம் ஒரே ஓவர்ஹாலில் முடிகிற வேலை.

பதில்: அப்சார்பர்

தூசிதான் முதல் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. புகைபோக்கி வாதத்தைத்தான் ஏற்க மாட்டேன். உயரமான புகைபோக்கி வாயுவை அழிப்பதில்லை, தூரமாக அனுப்புகிறது. போகிற வழியில் அது சல்பேட் துகளாக மாறும். அந்த நுண்துகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இன்னொரு ஊர் நுரையீரலுக்குள் இறங்கும். மின்நிலையத்தின் வாசலில் அளந்தால் காற்று சுத்தமாகத் தெரியும். அதை ஆதாரமாகக் காட்டுவது தவறு.

பதில்: தவணைக்கணக்கு

இரண்டாவது கேள்விக்கு. எஃப்.ஜி.டி. கட்டுப்படியாகுமா என்பதை முடிவுசெய்வது கந்தகத்தைவிட யூனிட்டின் மிச்ச ஆயுளும் அது ஓடுகிற நேரமும்தான். 10 சதவீத வட்டியில் 25 ஆண்டில் முதலீட்டைத் திரும்ப எடுத்தால் ஆண்டுத் தவணை முதலீட்டில் 11 சதவீதம். 5 ஆண்டில்தான் எடுக்க முடியும் என்றால் 26.4 சதவீதம், 2.4 மடங்கு. மேலும் 85 சதவீதம் ஓட வேண்டியது 45 சதவீதம்தான் ஓடுகிறதென்றால் அது 1.9 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் ஒரு யூனிட் மின்சாரத்தின் மேல் ஏறும் கருவிச் செலவு நாலரை மடங்கு. பழைய 200 மெகாவாட் யூனிட்டுகள் அடிபடுவது இங்கேதான்.

அவற்றுக்கு இடைவழி உண்டு. புகைக்குழாயில் நீறிய சுண்ணாம்புப் பொடியையோ சோடியம் பைகார்பனேட்டையோ ஊதலாம். முதலீடு சிறியது, பொருள் செலவு பெரியது, பிடிப்பதும் குறைவு. சோடியம் போட்டால் சாம்பலில் கரையும் உப்பு ஏறும், சிமென்ட் ஆலை வாங்கத் தயங்கும். சாம்பல் விற்பனையை நம்பியிருக்கும் நிலையம் இதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நைட்ரஜன் ஆக்ஸைடுக்காகப் பர்னரை மாற்றும்போதும் இதே சிக்கல் வரும். எரியாத கரி சாம்பலில் 6 சதவீதம் தாண்டினால் கான்கிரீட்காரர் திருப்பி அனுப்புவார்.

சங்கம் நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய முதல் தாள், யூனிட் வாரியாக மிச்ச ஆயுள் பட்டியல். அது கையில் இல்லாமல் "விதி வேண்டாம்" என்பதும் வீண், "விதி வேண்டும்" என்பதும் வீண்.

பதில்: சுரங்கவாயில்

மூன்றாவது கேள்விக்கு அமெரிக்கக் கணக்கே நல்ல பதில். 1923இல் அங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 8 லட்சத்துக்கும் மேல். உற்பத்தி உச்சத்தைத் தொட்ட 2008இல், 117 கோடி ஷார்ட் டன் (907 கிலோ கொண்ட அமெரிக்க டன்) வெட்டியபோது, அவர்கள் ஒரு லட்சம்கூட இல்லை. கரி கூடிய காலத்திலேயே ஆள் குறைந்துவிட்டது. காரணம் இயந்திரமும் திறந்தவெளிச் சுரங்கமும். வயோமிங்கில் 20 மீட்டருக்கும் மேல் தடிமனான கரிப்படுகை மேலாகவே கிடக்கிறது. ஒரு தொழிலாளி மணிக்கு வெட்டுவது அப்பலாச்சிய மலைச் சுரங்கத்தில் வெட்டுவதைப்போல் பத்து மடங்குக்கு மேல்.

அதற்காக விதிக்குப் பங்கே இல்லை என்று சொல்வதும் நேர்மையில்லை. 1990 தூய காற்றுச் சட்டத் திருத்தத்தின்படி கந்தகக் கட்டுப்பாடு 1995இல் நடைமுறைக்கு வந்தது. பல மின்நிலையங்கள் எஃப்.ஜி.டி. கட்டாமல், கந்தகம் குறைந்த வயோமிங் கரிக்கு மாறின. 1980க்குப் பிறகு ரயில் கட்டணமும் இறங்கியிருந்ததால் அது லாபமாக இருந்தது. கந்தகம் மிகுந்த இல்லினாய்ஸ் சுரங்கங்களின் வேலை போனது. மொத்தக் கணக்கில் சின்ன எண்தான், அந்த ஊர்களுக்கு அதுதான் எல்லாமே. 2008க்குப் பிறகு கரியைப் பெரிதாக வீழ்த்தியது மலிவான ஷேல் எரிவாயு (களிப்பாறையிலிருந்து எடுக்கும் இயற்கை எரிவாயு).

பதில்: கேட்பாஸ்

நான்காவது கேள்வி. முதல் அடி ஒப்பந்தத் தொழிலாளருக்கு: கரி இறக்குபவர், கன்வேயருக்கு அடியில் சிந்தியதை அள்ளுபவர், சாம்பல் லாரி ஓட்டுபவர். மின், கருவிக் கட்டுப்பாடு, பம்பு, வெல்டிங் தெரிந்தவருக்கு வேறு ஆலையில் இடம் கிடைக்கும். கரி கையாள்பவரின் அனுபவத்துக்கு வெளியே விலை இல்லை.

ஜெர்மனி 2020இல் சட்டம் போட்டு 2038க்குள் கரியை நிறுத்துவது என்றும், அந்தப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை தருவது என்றும் முடிவு செய்தது. 58 வயது கடந்த தொழிலாளருக்கு ஓய்வூதியம் வரும்வரை 5 ஆண்டு வரை இடைக்கால உதவித்தொகையும் உண்டு. மாதிரி நல்லது, ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால்தானே பணம் வரும்? எனவே மூடும் அறிவிப்புக்கு முன்பே கடந்த மூன்று ஆண்டு கேட் பாஸ் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். ஒப்பந்தக்காரர் மாறினாலும் ஆள் அவரேதான் என்பதற்கு அதுதான் சாட்சி.

சாம்பல் குளத்தையும் மறக்காதீர்கள். 2008 டிசம்பர் 22 அன்று டென்னசி மாநிலம் கிங்ஸ்டனில் கரை உடைந்து 40 லட்சம் கனமீட்டருக்கு மேல் சாம்பல் கொட்டியது. அள்ளிய தொழிலாளர்கள் தங்கள் நோய்க்கு அந்தத் தூசியே காரணம் என்று வழக்குப் போட்டார்கள். அமெரிக்காவின் 2015 விதிப்படி சாம்பலை அங்கேயே மூடிவைத்தால் அதற்குப் பிறகு 30 ஆண்டு பராமரிப்பும் நிலத்தடி நீர்ச் சோதனையும் கட்டாயம். மண் மூடுவது, வடிகால் பார்ப்பது, கண்காணிப்புக் கிணற்றில் மாதிரி எடுப்பது எல்லாம் உள்ளூர் ஆட்களால் முடிகிற வேலை. "பழைய ஒப்பந்தத் தொழிலாளருக்கே முன்னுரிமை, துகள் வடிகட்டும் முகக்கவசம் நிர்வாகச் செலவில்" என்ற இரண்டு வரியை மூடல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பதில்: கன்வேயர்பெல்ட்

நன்றி. தவணைக்கணக்கு சொன்ன பட்டியலையும் பதிவேட்டு நகலையும் ஒரே கடிதத்தில் கேட்கிறோம். ஈ.எஸ்.பி.யின் கடைசி ஓவர்ஹால் அறிக்கையையும் அதோடு சேர்த்துக் கேட்டால் சரியாக இருக்குமா?

பதில்: அப்சார்பர்

கேளுங்கள். ஃபீல்டு வாரியாக மின்னழுத்த, மின்னோட்டப் பதிவும் இருக்கட்டும். அழுத்தம் குறைந்து மின்னோட்டம் மட்டும் ஏறியிருந்தால் நண்பர் மேலே சொன்ன அந்தப் படிவு மின்னிறக்கம்தான்.