தம்பி கல்யாணம் (குடும்பக் குழு)

மீனாள்: அவசரம். தம்பியோடு ஜெர்மனியிலிருந்து வருகிறவர்களுக்கு நம் நகரத்தார் சடங்குகளை எழுதி அச்சடிக்க வேண்டும், அச்சகத்தில் இன்று சாயங்காலத்துக்குள் கேட்கிறார்கள். திருப்பூட்டு, அதாவது தாலி கட்டுவது, எழுதியாச்சு. மாம வேவு, புள்ளி, கூடி ஆக்கி உண்ணுதல் மூன்றும் நிற்கின்றன. வேவுக்கு கிப்ட் என்று போடட்டுமா?

அம்மான்: கிப்டா

அம்மான்: நான் என்ன பிறந்தநாளுக்கா வருகிறேன்

பெரியப்பச்சி: மீனா, வேவு என்பது அரிசி, பருப்பு, காய்கறி, தேங்காய் என்று தாய்மாமன் கல்யாண வீட்டுக்குக் கொண்டுவருவது, கொடுத்தார் என்று சொல்ல மாட்டோம், வேவு இறக்கினார் என்போம். புள்ளி வேறு, அது கோயிலின் குடும்பக் கணக்கு. கல்யாணம் ஆனதும் தம்பியும் பெண்ணும் சேர்ந்து வயிரவன்பட்டி கோயிலில் ஒரு புள்ளி, ஒருவர் போய்விட்டால் அரைப்புள்ளி, கல்யாணமாகாதவன் கோடீஸ்வரனானாலும் கணக்கில் வரமாட்டான். நகரத்தாரின் ஒன்பது கோயிலிலும் இதுதான். ஒரே கோயில்காரர்கள் பங்காளி என்பதால் பெண் வேறு கோயிலிலிருந்து வரவேண்டும், இளையாத்தங்குடி, மாத்தூரில் மட்டும் கோயிலுக்குள்ளேயே பிரிவு பார்த்துச் செய்வார்கள், ஆனால் இரணியூரும் பிள்ளையார்பட்டியும் தனித்தனிக் கோயிலானாலும் அண்ணன் தம்பி முறை, பெண் கொடுத்து எடுப்பதில்லை.

அத்தை: என் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் வேவு பந்தி முடிந்த பிறகுதான் வந்தது. எந்தத் தாய்மாமன் என்று சொல்ல வேண்டியதில்லை

பெரியப்பச்சி: வண்டி பழுது. எத்தனை தடவை சொல்வது

ஆத்தா: கல்யாணப் பேச்சில் இது எதற்கு

தம்பி: மீனா ஆச்சி, கூடி ஆக்கி உண்ணுதலை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அவர்கள் ஊர் போல்ட்டர்ஆபெண்ட் மாதிரி என்று

மீனாள்: அது என்ன?

தம்பி: முதல் நாள் ராத்திரி எல்லோரும் கூடி பீங்கான் தட்டு, கோப்பையெல்லாம் போட்டு உடைப்பார்கள். கண்ணாடி மட்டும் உடைக்கக் கூடாது. அப்புறம் பெண்ணும் மாப்பிள்ளையும்தான் கூட்டி அள்ள வேண்டும்

ஆயா: எதை உடைப்பார்கள்

ஆத்தா: ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த பீங்கான் இரண்டாம் கட்டில் இருக்கிறது. அந்த அறைச் சாவி யாரிடம்?

அம்மான்: எனாமல் பூசிய மங்குச் சாமானைக் கொடுங்கள். எவ்வளவு போட்டாலும் உடையாது

அத்தை: சாவி பெரிய அண்ணனிடம். வேறு எங்கே இருக்கும்

பெரியப்பச்சி: என் பங்கு அறைச் சாவி என்னிடம்தான் இருக்கும்

சிங்கப்பூர் சின்னாத்தா: சம்பந்திக்கு என்ன போட்டாய்

தம்பி: கூட வரும் ஸ்பெயின் பையனுக்கு விளக்கவே வேண்டாம், அவர்கள் மொழியில் கான்சுவெக்ரோ என்றே இருக்கிறது

மீனாள்: சரி, கூடி ஆக்கி உண்ணுதலுக்கு ராத்திரிச் சாப்பாடு என்று போட்டுவிடவா?

பெரியப்பச்சி: அதெப்படி. உறவெல்லாம் வந்து உட்கார்ந்து காய் நறுக்கி, சேர்ந்து ஆக்குவதுதான் அதில் பெரிசு. சாப்பாடு அதற்கப்புறம்

அம்மான்: ஆக்குவதுதான் சமையல்காரர் என்று ஆகிவிட்டதே. உண்ணுதல் மட்டும் போடு. ஆமாம், தேங்காய் எத்தனை என்று யாருமே சொல்லவில்லை

மீனாள்: வேவு, புள்ளி இரண்டையும் அப்படியே போட்டு, பெரியப்பச்சி எழுதியதைச் சுருக்கி ஓரத்தில் சேர்க்கிறேன். தம்பி, பீங்கான் விஷயத்தை அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடு

தம்பி: ஒருத்தி பெட்டியில் தட்டு எடுத்து வைத்துவிட்டாளாம்

ஆத்தா: சிவ சிவா

மீனாள்: மறுபடி அச்சகத்திலிருந்து போன். இசைகுடிமானம், அந்தக் கல்யாணப் பத்திரம், விட்டுப்போய்விட்டது, அதற்கு என்ன எழுதுவது?

பெரியப்பச்சி: பொறு. விவரமாக அனுப்புகிறேன்

அத்தை: இரண்டு வரியில்